ஐ.நா.வில் மனித உரிமை. பெங்களூரில் மக்கள் போராட்டம்: இரண்டையும் சந்தித்த ஆற்காடு ராமசாமி முதலியார்

புது தில்லி, டிச. 9: உலக மனித உரிமைகள் தினம் ஆண்டுதோறும் டிசம்பர் 10-ம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. 1948-ல் அந்நாளில் பாரீஸில் ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவைத் தயாரித்த ஆணையம், ஒரு தமிழரின் தலைமையில் இயங்கிய அவையில் பிறந்தது. அவர், மைசூர் சமஸ்தானத் திவானாகவும் இருந்த சர் ஆற்காடு ராமசாமி முதலியார்.

1887-ல் கர்நூலில் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மருத்துவர் லட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். வழக்கறிஞரான அவர், நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர். அக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' நாளிதழின் ஆசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார்.

1945-ல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், பொருளாதார, சமூக ஒத்துழைப்புக்கான குழுவுக்குத் தலைமை வகித்தார். ஐ.நா. சாசனத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். எனினும் அந்தத் தூதுக்குழு ஆங்கிலேய அரசால் நியமிக்கப்பட்டதே அன்றி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல என்ற கண்டனம் அப்போதே எழுந்தது.

1946 ஜனவரியில் லண்டனில் கூடிய ஐ.நா. பொருளாதார, சமூக அவை அவரை முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் தலைமையிலான அந்த அவையே பிப்ரவரியில் மனித உரிமை ஆணையத்தைத் தொடக்க நிலையில் அமைத்து, ஜூனில் 18 நாடுகள் கொண்ட நிரந்தர ஆணையமாக்கியது.

பெங்களூரில் சோதனை: அதே ஆண்டில் மைசூர் திவானாகப் பொறுப்பேற்ற அவருக்கு, உரிமை என்பது தீர்மானத்தில் எழுதும் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும் மைசூரில் பொறுப்பாட்சி வரவில்லை. 1947 செப்டம்பரில் மைசூர் காங்கிரஸ் போராட்டத்தில் இறங்கியது. தலைவர்கள் கைதாயினர், பெங்களூரில் மாணவர்களும் தொழிலாளர்களும் வீதிக்கு வந்தனர். திவானே அவர்களது எதிர்ப்பின் இலக்கானார். அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டு, கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. முதலியார் 1949 வரை திவானாக நீடித்தார்.

இடையே 1948 செப்டம்பரில், ஹைதராபாத் பிரச்னையில் பாதுகாப்பு சபையில் இந்தியாவின் தரப்பை பாரீஸில் எடுத்துரைத்தார்.

1970-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற முதலியார், 1976 ஜூலையில் காலமானார். அப்போது நாட்டில் அவசரநிலை அமலில் இருந்தது. உயிர், தனிமனித சுதந்திர உரிமைக்காக நீதிமன்றத்தை நாடும் வழியும் அடைபட்டிருந்தது.