அரசு வேலையை உதறிய பிரேம்சந்த்: அதன்பிறகு எழுத நேரம் கிடைத்ததா?

வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதப் போறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அந்த நண்பர் நீங்களாகவும் இருக்கலாம். ஆபீஸ் முடிந்து வந்தால் மூளை ஓட மாட்டேங்குது, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாகப் போய்விடுகிறது, வீட்டுக் கடன் முடியட்டும் பார்க்கலாம். காரணங்கள் எல்லாமே நியாயமானவைதான்.

இதே கணக்கை 100 ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்த்து, கடைசியில் வேலையை விட்டே விட்ட ஒருவரின் கதை இது. இந்தி, உருது இரண்டு மொழிகளும் சொந்தம் கொண்டாடும் பிரேம்சந்த். பன்னிரண்டு நாவல்களுக்கு மேல், சுமார் 300 சிறுகதைகள். பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தி படித்தவர் என்றால் அவருடைய கதை ஒன்றையாவது தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். தேர்வுக்குப் படித்ததால் மறந்தும் இருப்பீர்கள்.

அவருடைய உண்மைப் பெயர் தன்பத் ராய். 1880 ஜூலை 31 அன்று காசிக்குப் பக்கத்தில் லம்ஹி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தபால் அலுவலக குமாஸ்தா. அம்மா இறந்தபோது பையனுக்கு 8 வயதுகூட நிரம்பவில்லை. வீட்டுக்குச் சித்தி வந்தார். 15 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளில் அப்பாவும் போய்ச்சேர, படிப்பு முடியாத பையன் தலையில் மொத்தக் குடும்பமும் வந்து விழுந்தது.

கணக்குப் புத்தகம் வாங்கித் தந்த வேலை

வாசிப்புப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு கோரக்பூரில் வேலை. அங்கே ஒரு புத்தகக் கடைக்காரரோடு பையன் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். கடையிலிருந்து கோனார் நோட்ஸ் மாதிரியான உரைநூல்களை எடுத்துப்போய் பள்ளியில் விற்றுக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு நாவல்களை வீட்டுக்கு எடுத்துப்போய் இலவசமாகப் படித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கில் படித்துத் தள்ளினான். எல்லாம் உருது நாவல்கள், மொழிபெயர்ப்புகள். மாயாஜாலமும் மந்திரவாதிகளும் நிறைந்த 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா' அவற்றில் பெரிய ஈர்ப்பு. பின்னாளில் ஏழை விவசாயியின் மாட்டுக்கொட்டகையை எழுதியவருக்கு ஆரம்பம் மாயாஜாலக் கதை என்பது எனக்குப் பிடித்த முரண்.

ஆனால் கணக்கு மட்டும் அவருக்கு ஏறவே இல்லை. அதனாலேயே கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வக்கீல் வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தார், மாதம் 5 ரூபாய். குதிரை லாயத்துக்கு மேலே இருந்த மண் அறையில் தங்கிக்கொண்டு, வாங்கிய பணத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார். ஒரு கட்டத்தில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல், பத்திரமாக வைத்திருந்த கணக்கு உரைநூலைப் பழைய புத்தகமாக ஒரு ரூபாய்க்கு விற்கப் போனார். கடையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர். விசாரித்தார், சுனார் ஊரிலிருந்த பள்ளியில் மாதம் 18 ரூபாய்க்கு வேலை கொடுத்தார். அது 1899. மறுவருடம் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்டர்மீடியட் தேறியது 1916ல்தான், அதுவும் கணக்கு விருப்பப் பாடமான பிறகு. பி.ஏ. முடித்தபோது வயது 39.

மேலதிகாரி கண்ணில் பட்ட புத்தகம்

வேலையில் இருந்துகொண்டேதான் அவர் எழுத்தாளர் ஆனார். முதல் நாவல் 1903ல் ஒரு காசிப் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. கான்பூரில் 'ஸமானா' என்ற உருதுப் பத்திரிகையும் அதன் ஆசிரியர் தயாநாராயண் நிகமும் கிடைத்தார்கள். நவாப் ராய் என்ற பெயரில் எழுதினார். நவாப் என்பது அவருடைய செல்லப் பெயர்.

1908ல் 'சோஸ்-ஏ-வதன்' என்ற சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஐந்தே கதைகள், எல்லாவற்றிலும் தேசபக்தி. பிற்பாடு அவர் ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அதிகாரியானார். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ உங்கள் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுவிட்டால் வயிறு எப்படிக் கலங்கும்? அதுதான் நடந்தது. கலெக்டர் முகாமிட்டிருந்த ஊருக்கு வரச்சொல்லி உத்தரவு. ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் போனார். நவாப் ராய் யார் என்பது கலெக்டருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கதையின் சாரத்தையும் சொல்லச் சொன்னார். விற்காமல் இருந்த சுமார் 700 பிரதிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவை தீக்கு இரையாயின. இனி எதை எழுதினாலும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

நிகமுக்கு எழுதிய கடிதத்தில் அவர் புலம்பியது அடக்குமுறையைப் பற்றி மட்டுமல்ல. தினமும் எழுதுகிறவன் மாதாமாதம் கலெக்டரிடம் கட்டுரையை நீட்டினால், இவன் அலுவலக வேலையே பார்ப்பதில்லை என்று நினைத்துவிடுவாரே என்பதும் கவலை. சம்பளம் வாங்கும் யாருக்கும் புரியக்கூடிய பயம்தான் இது. வழி, பெயரை மாற்றுவது. நிகம் சொன்ன பெயர் பிரேம்சந்த். 1910 டிசம்பரில் 'ஸமானா'வில் வந்த ஒரு குடும்பக் கதையில் அந்தப் பெயர் முதன்முதலாக அச்சேறியது.

எப்படி எழுதினார்?

ஆய்வுக்காக பந்தேல்கண்ட் கிராமங்களில் அலைந்தது அவர் உடம்பைக் கெடுத்தது. அங்கே பிடித்த வயிற்றுக் கோளாறு கடைசிவரை விடவில்லை. ஆனால் கதைகளும் அங்கேதான் கிடைத்தன.

அவருடைய எழுத்து முறை பற்றி அவரே ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். பார்த்ததோ கேட்டதோ ஏதாவது ஒரு சம்பவம் கதைக்கு அடிப்படையாக இருக்கும். ஆனால் சம்பவம் மட்டும் இருந்தால் பேனா நகராது. அதற்குள் மனித மனம் பற்றிய ஓர் உண்மை தென்பட வேண்டும். தென்பட்டாலும் உடனே எழுதிவிட மாட்டார், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கதை மனதில் படிந்த பிறகுதான் உட்காருவார். பள்ளிக்கு நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் செய்யக்கூடிய வேலை அது. வேலையில் இருப்பவருக்கு இதைவிட வசதியான முறை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவல்களுக்கு மட்டும் காகிதத்தில் திட்டம் உண்டு. அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்! குறிப்பு ஆங்கிலத்தில், முதல் பிரதி உருதுவில், புத்தகம் இந்தியில் என்றுதான் சில பெரிய நாவல்கள் உருவாயின. 'சேவாசதன்' நாவலை உருதுவில் எழுதி முடித்தும், முதலில் வெளிவந்தது இந்திப் பதிப்புதான். இந்திப் பதிப்பாளர் 450 ரூபாய் கொடுத்தார். உருதுப் பதிப்பு வர 1924 ஆகிவிட்டது. இந்தியில் வாசகரும் பதிப்பாளரும் பெருகியதுதான் அவர் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம். லட்சியத்தோடு சேர்த்து மார்க்கெட்டையும் பார்க்கத் தெரிந்தவர்.

சேவாசதன் உங்களுக்கும் தெரிந்த கதையாக இருக்கலாம். கே. சுப்ரமணியம் இயக்கி, எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சேவாசதனம்' இதிலிருந்து வந்ததுதான். படம் வந்தது 1938ல், பிரேம்சந்த் இறந்து இரண்டு ஆண்டு கழித்து.

டால்ஸ்டாயை மொழிபெயர்த்தார். அனடோல் பிரான்ஸ், கால்ஸ்வொர்த்தி, தாகூர் என்று பலரையும் மொழிபெயர்த்தார். ஆனால் பாத்திரங்களுக்கு வெளியூர் போகவில்லை. 'ரங்கபூமி'யின் நாயகன் சூர்தாஸ் பார்வையற்ற பிச்சைக்காரர். சிகரெட் தொழிற்சாலைக்காகத் தன் துண்டு நிலத்தை விற்க மறுப்பவர். தன் ஊரில் இருந்த ஒரு பார்வையற்ற பிச்சைக்காரரிடமிருந்து அந்த விதை கிடைத்ததாக பிரேம்சந்த் எழுதியிருக்கிறார்.

சரி, வேலையை விட்ட பிறகு?

1921 பிப்ரவரி 8, கோரக்பூர். காந்தி பேச வருகிறார். அரசு வேலையில் இருப்பவர்கள் வெளியே வர வேண்டும் என்கிறார். கூட்டத்தில் பிரேம்சந்த், மனைவி சிவராணி தேவி, இரண்டு குழந்தைகள். சிவராணி இன்னொரு குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். வீடு திரும்பிய பிறகு முடிவு உடனே வரவில்லை. சில நாள் சிவராணி யோசித்தார். சொத்து இல்லை, சேமிப்பு இல்லை, கணவருக்கு உடம்பும் சரியில்லை. பிறகு சரி என்றார். 20 ஆண்டுக்கு மேலான அரசு வேலை அத்தோடு முடிந்தது.

அதன்பிறகு எழுத்து மேஜையில் நிம்மதியாக உட்கார்ந்தார் என்று நினைத்தால், இல்லை. முதலில் ராட்டை விற்கும் முயற்சி. அப்புறம் கான்பூரில் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். அப்புறம் காசியில் பத்திரிகை வேலை. 1923ல் சரஸ்வதி பிரஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். இதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய ஓட்டை. அடுத்த 13 ஆண்டுகள், நாவலில் வந்த பணம் அச்சகத்துக்குப் போனது. நடுவில் லக்னோவுக்குப் போய் வேறொருவரின் பத்திரிகையில் சம்பளத்துக்கு ஆசிரியராக இருந்தார். 1930ல் சொந்தமாக 'ஹன்ஸ்' மாத இதழ், 1932ல் 'ஜாகரண்' வார இதழ். இரண்டிலும் நஷ்டம்.

ஏன் மூடவில்லை? நல்ல வாய்ப்புகள் வராமல் இல்லை. அல்வார் மகாராஜா மாதம் 400 ரூபாய், பங்களா, மோட்டார் கார் எல்லாம் தருவதாக அழைத்தாராம். போகவில்லை. அரசாங்கம் ராய் சாகிப் பட்டம் தர முன்வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். யாருக்கும் கீழே இல்லாமல், தோன்றுவதை அச்சிட ஓர் இடம் வேண்டும் என்பதில் பிடிவாதம். 700 பிரதிகளைப் பறிகொடுத்தவருக்கு அந்தப் பிடிவாதம் வந்ததில் ஆச்சரியமில்லை. வணிகமாகப் பார்த்தால் அது தவறான முடிவு என்றுதான் சொல்வேன்.

கடன் கழுத்தை நெரித்தபோது 1934ல் பம்பாய் போனார். அஜந்தா சினிடோன் நிறுவனம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் தந்தது. மில் தொழிலாளர்களைப் பற்றி 'மஸ்தூர்' என்ற படத்துக்கு எழுதினார், பஞ்சாயத்துத் தலைவராக ஒரு காட்சியில் தலையும் காட்டினார். பம்பாயில் தணிக்கை அந்தப் படத்தைத் தடுத்தது. அதே சமயத்தில் காசியில், சம்பள பாக்கி கேட்டு சரஸ்வதி பிரஸ் தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் பக்கம் நின்று எழுதியவர் அங்கே சம்பளம் கொடுக்காத முதலாளி. சினிமா பிடிக்கவில்லை. அந்த டிசம்பரில் சென்னைக்கு வந்து தட்சிண பாரத இந்தி பிரச்சார சபை விழாவில் பேசிவிட்டுப் போனார். 1935 ஏப்ரலில் பம்பாயை விட்டே கிளம்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியவர் முடித்த நாவல்தான் 'கோதான்'. ஒரு பசுமாடு வாங்க ஆசைப்படும் ஹோரி என்ற விவசாயி, வட்டிமேல் வட்டியில் சிக்கி உழைத்தே சாகும் கதை. வட்டிக்காரரிடம் ஹோரி குழைந்து பேசுவதையும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதையும் படிக்கும்போது, இவர் கடனைக் கேள்விப்பட்டு எழுதவில்லை என்று தெரிந்துவிடும்.

சிவராணியின் பக்கம்

சிவராணி தேவி குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர். 1906ல் அவரை மணந்தது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. அதற்காக பிரேம்சந்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் பிரிந்துபோன முதல் மனைவி உயிரோடு இருக்கிறார் என்பதே சிவராணிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவரை அழைத்துவரச் சொல்லியும் பிரேம்சந்த் ஒத்துக்கொள்ளவில்லை. 'நிர்மலா'வில் பொருந்தாத திருமணத்தில் சிக்கிய பெண்ணின் மூச்சுமுட்டலை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், தன் வீட்டு விஷயத்தில் இப்படி இருந்தார். இதை மறைக்கத் தேவையில்லை, சிவராணியே தன் நினைவுநூலில் மறைக்கவில்லை.

சிவராணியும் கதைகள் எழுதினார். 1930ல் அந்நியத் துணிக்கடை மறியலில் கைதாகிச் சிறைக்கும் போனார். அச்சகத்தை விட்டுத்தொலைக்கச் சொல்லிச் சண்டையும் போட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்திருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அதில் பிரேம்சந்தின் கேன்வாஸ் ஷூ கிழிந்து விரல் எட்டிப்பார்க்கும்.

1936 ஏப்ரலில் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஜூனில் கோதான் வந்தது. அந்தச் சமயத்தில் படுக்கையில் விழுந்தார். ஹன்ஸில் வந்த ஒரு நாடகத்துக்காக அரசு 1,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அப்போது இதழை நடத்திய பாரதிய சாகித்ய பரிஷத் பணம் கட்டுவதைவிட நிறுத்துவதே மேல் என்று முடிவெடுத்தது. பிரேம்சந்த் படுக்கையில் இருந்தபடியே பணம் புரட்டிக் கட்டி, இதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூடவே 'மங்கள்சூத்ரா' என்ற புது நாவலையும் ஆரம்பித்தார். அதன் நாயகன் காசு சேர்க்கத் தெரியாத ஒரு வயதான எழுத்தாளர். நாலு அத்தியாயம் எழுதியிருந்தார்.

அக்டோபர் 8 அன்று காலையில் இறந்தார். வயது 56. ஹன்ஸின் அடுத்த இதழ்களுக்கு ஆசிரியர் பொறுப்பில் சிவராணியின் பெயர் வந்தது.