முள் குத்திய இடத்தில் மெச்னிகோவ் கண்டது

விரலில் முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. அந்த வீக்கத்தையே நாம் நோய் என்று நினைக்கிறோம். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை என்று கண்டவர் இலியா மெச்னிகோவ்.

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் அருகே பிறந்தார். 1873-ல் முதல் மனைவி லுட்மிலாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார்.

1882-ல் வேலையை விட்டுவிட்டு இத்தாலியின் மெசினாவுக்குக் குடும்பத்தோடு சென்றார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு இருந்தார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாவில் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகினார். அன்றிரவு தூக்கமே இல்லை. விடிந்து பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன! அழற்சி என்பது இரத்தக் குழாய்களின் கோளாறு என்பதே அன்றைய பாடம். இந்த லார்வாவுக்கோ இரத்தக் குழாயே கிடையாது.

நம் வெள்ளை அணுக்களும் இப்படியே விரைந்து கிருமியை விழுங்குகின்றன என்றார். ஜெர்மன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. கிருமியைக் கொல்வது சீரம்தான் என்றார்கள். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்துகொண்டு இவர் ஆண்டுக்கணக்காகப் பதில் சொன்னார். 1908-ல் நோபல் பரிசு இவருக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கிடைத்தது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது.

விழுங்கும் செல் சும்மா இருப்பதில்லை. கிருமியை அடையாளம் கண்டதும் சைட்டோகைன் என்னும் இரசாயனச் செய்திகளை அனுப்புகிறது. குழாய்கள் விரிகின்றன, மேலும் வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. செய்தி மூளையை எட்டினால் காய்ச்சல். 1916-ல் மெச்னிகோவ் இறந்தபோது அந்தச் சொல்லே பிறந்திருக்கவில்லை.