பல்லில் பதிந்த பிறவி நோய்

ஜானதன் ஹட்சின்சன் 1828-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள செல்பி என்னும் ஊரில், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். யார்க் நகரிலும் பின்னர் லண்டனிலும் பயின்று அறுவை மருத்துவரானார். அவர் பெயர் மருத்துவ நூல்களில் இன்றளவும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவரது அறுவைக் கத்தி அன்று. குழந்தைகளின் இரண்டு முன்பற்கள்.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றியபோது, கருவிழிப் படலம் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிப்போன சிறுவர் சிறுமியர் பலரை அவர் கண்டார். கண்டமாலையின் விளைவு அது என்று அன்றைய மருத்துவர்கள் கருதினர். ஹட்சின்சன் கண்ணோடு நின்றுவிடவில்லை. அக்குழந்தைகளின் வாயையும் திறந்து பார்த்தார். மேல்வரிசையின் நடுவே இருக்கும் இரு நிலைப்பற்களும் குட்டையாக, ஈறருகே அகன்றும் நுனியில் குறுகியும், விளிம்பில் பிறைபோன்ற பள்ளத்துடனும் காணப்பட்டன. இது மேகநோய் எனப்படும் சிஃபிலிஸின் பிறவி அடையாளம் என்று 1858-இல் லண்டன் நோய்க்குறியியல் சங்கத்தில் அவர் எடுத்துரைத்தார். பல், கண், செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து பிற்காலத்தில் 'ஹட்சின்சன் மும்மை' எனப் பெயர் பெற்றன.

பால்பற்களில் இவ்வடையாளம் தெளிவாகத் தெரிவதில்லை. கருவிலிருக்கும்போது தாயின் ரத்தம் வழியே கிருமி சேயை அடைகிறது. பிறப்பை ஒட்டிய மாதங்களில், ஈறுக்குள் மறைந்திருக்கும் நிலைப்பல்லின் முளையை அது தாக்குகிறது. பல்லின் நடுப்பகுதியில் எனாமல் சரியாக உருவாவதில்லை. பல் முளைத்தபின் அவ்விடம் தேய்ந்து பிறையாகிறது. ஏழு, எட்டு வயதில் வெளிவரும் அந்தப் பல், பிறப்பின்போது நிகழ்ந்ததைக் காலந்தாழ்த்திச் சொல்கிறது.

ரத்தப் பரிசோதனை இல்லாத காலம் அது. ஒரு தாயிடம் இந்நோயைப் பற்றிக் கேட்பது அவளை அவமதிப்பதாகும். கேட்டாலும் உண்மை வராது. பல்லோ எவரையும் குற்றம் சாட்டாமல் சாட்சி சொன்னது. பார்வையை இழந்துகொண்டிருந்த குழந்தைக்கு நோயின் பெயராவது சரியாகக் கிடைத்தது. பெனிசிலின் வந்தபின் கருவுற்ற பெண்ணுக்கு உரிய நேரத்தில் ஒரு பரிசோதனையும் ஊசியும் போதும் என்றாயிற்று. ஆயினும் 2016-இல் உலகில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறவி சிஃபிலிஸ் பாதிப்புகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்தின் விலை இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

அம்மை குத்துதலை ஆதரித்தவர் ஹட்சின்சன். எனினும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அம்மைப்பால் எடுத்துக் குத்தும் முறையில் சிஃபிலிஸும் பரவுகிறது என்று 1871-இல் சான்றுகளுடன் வெளிப்படுத்தினார். தம் தரப்புக்குச் சங்கடமான உண்மையை மறைக்காத நேர்மை அது.

தொழுநோயில் அதே கூர்மை அவரைக் கைவிட்டது. அந்நோயின் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-இலேயே கண்டிருந்தார். அதை ஹட்சின்சன் மறுக்கவில்லை. ஆனால், கெட்ட மீனே நோய்க்கு வழி என்று நம்பினார். எழுபது வயதைக் கடந்தும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து சான்று தேடினார். மீனே உண்ணாதோரிடமும் தொழுநோய் இருந்தது; அதற்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று பொருளியல் வகுப்பில் நாங்கள் முதலாண்டிலேயே கற்பிப்போம். பல்லிலும் அவர் கண்டது அத்தகைய சேர்க்கையைத்தான்; அங்கே அது உண்மையாக அமைந்தது.

1905-இல் பெர்லினில் சிஃபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 76. 1908-இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. மீன் கொள்கையை இறுதிவரை விடாத அவர், 1913 ஜூனில் ஹேசில்மியரில் காலமானார். அவ்வூர் மக்களுக்காக அவர் நிறுவிய அருங்காட்சியகம் இன்றும் இயங்கி வருகிறது.