52 ஆயிரம் பேரைச் சேர்த்தவர்!
மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு

மோட்டார் மன்னர் என்று பெயர் பெற்றவர் ஹென்றி போர்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், 1863-ம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். பயிர்த்தொழிலில் அவருக்கு மனம் செல்லவில்லை. 16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய், இயந்திரப் பட்டறையில் வேலை பழகினார்.

1903-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். 1908-ல் அவருடைய "டி" மாடல் கார் வெளிவந்தது. ஏராளமாக விற்பனை ஆயிற்று.

1913-ல் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். தொழிலாளி ஒரே இடத்தில் நிற்பார். கார் அவரைத் தேடி நகர்ந்து வரும். ஒருவர் திருகாணியை மாட்டுவார். அடுத்தவர் முடுக்குவார். நாள் முழுவதும் அதே வேலைதான்!

ஓட்டம் பிடித்தனர்

தொழிலாளர்களுக்கு வெறுத்துவிட்டது. சேர்ந்த சில நாளிலேயே பலர் ஓட்டம் பிடித்தனர். 14 ஆயிரம் பேர் வேலை பார்த்த ஆலைக்கு, அந்த ஒரே ஆண்டில் 52 ஆயிரம் பேரைச் சேர்க்கவேண்டி வந்தது! வருகிறவருக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்து, பணமும் நேரமும் வீணாயின.

போர்டு யோசித்தார். 1914 ஜனவரி 5-ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. தினச் சம்பளம் 5 டாலர்! முன்பு கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை நேரமும் 9 மணியில் இருந்து 8 மணியாகக் குறைந்தது.

கொட்டும் பனியில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் கூடினார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

ஆனால் 5 டாலர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா என்று கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து விசாரித்தார்கள். பெண்களுக்கு முதலில் அந்தச் சம்பளம் இல்லை. இது பலருக்குப் பிடிக்கவில்லை. என்றாலும், வேலையை விட்டு ஓடுவது வெகுவாகக் குறைந்தது.

கண் இல்லாதவருக்கும் வேலை

ஆலையில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாக ஆராயச் சொன்னார் போர்டு. மொத்தம் 7,882 வகை வேலைகள். அவற்றில் நல்ல உடல்பலம் தேவைப்பட்டவை 949 மட்டுமே! ஒரு கால் இல்லாதவர் செய்யக்கூடியவை 2,637. ஒரு கை இல்லாதவர் செய்யக்கூடியவை 715. கண் இல்லாதவர் செய்யக்கூடியவையும் 10 இருந்தன.

கண் தெரியாத ஒருவர், திருகாணிகளை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஏற்கனவே இருவர் இருந்தனர். இரண்டே நாளில், அந்த இருவரின் வேலையையும் அவர் ஒருவரே செய்துவிட்டார். அவர்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். போர்டு தமது நூலில் இதைக் கூறியிருக்கிறார்.

அவரிடம் குறையும் உண்டு. 1941 வரை தொழிற்சங்கத்தை அவர் ஏற்கவில்லை.

1947-ல், 83-வது வயதில் போர்டு காலமானார். ஆளைப் பார்க்குமுன் வேலையைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆலை காட்டிய பாடம்.