மாருதம் படைத்த குர்ட் டாங்க்

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலிருந்து களியக்காவிளை தாண்டி நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்பவர்கள், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அதனுள்ளே ஓர் அயல்நாட்டாரின் கல்லறை உண்டு. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மன்னரிடம் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே ஆசானானார். பீரங்கி வார்க்கவும் கோட்டைகளை வலுப்படுத்தவும் துணைநின்று, 1777-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, தோற்ற நாட்டின் போர்வல்லாரை அழைத்துத் தன் பணியில் அமர்த்திக்கொள்வது என்பது நம் எல்லைப்புறத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அது பெங்களூரில் மீண்டும் நடந்தது. அங்கே வந்தவர் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். பெயரைக் கேட்டவுடன் தரையில் ஊர்ந்து செல்லும் டாங்கி சிலருக்கு நினைவு வரலாம். அவரோ வாழ்நாள் முழுவதும் வானத்தையே நோக்கியவர்.

டாங்க் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பிராம்பெர்க் நகரில் பிறந்தார். அன்று பிரஷ்யாவில் இருந்த அந்நகர் இன்று போலந்தில் இருக்கிறது. முதல் உலகப்போரில் குதிரைப்படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். படிக்கும் காலத்திலேயே நண்பர்களோடு கூடி மாணவர் வானூர்திக் குழு ஒன்றைத் தொடங்கினார். மாணவர் சங்கங்களால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இது ஒரு விடை. படிப்பு முடிந்தபின் ரோர்பாக் கம்பெனியில் நீரில் இறங்கும் விமானங்களை வரைந்தார். 1931-இல் பிரேமன் நகரிலிருந்த ஃபோக்கே-வுல்ஃப் தொழிற்சாலையில் சேர்ந்தார். தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். வரைபடத்தில் நேரும் பிழை தம் உயிரையே கேட்கும் என்று அறிந்தவருடைய கோடுகள் ஒருபடி கூடுதல் கவனத்தோடு விழுவதில் வியப்பில்லை.

அவர் புகழ் உலகெங்கும் பரவியது 1938-இல். அவர் வரைந்த காண்டோர் என்னும் நான்கு எஞ்சின் பயணி விமானம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பெர்லினிலிருந்து புறப்பட்டு, இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் நியூயார்க் சேர்ந்தது. அந்தக் காண்டோரே போர் வந்ததும் அட்லாண்டிக் கடலில் கப்பல்களை வேட்டையாடச் சென்றது.

போருக்கு முன்பே ஜெர்மனியிடம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்னும் சிறந்த சண்டை விமானம் இருந்தது. டாங்க் அதனைப் பந்தயக் குதிரையாகக் கருதினார். நல்ல தரையில் அது பறக்கும். சேற்றிலும் மேட்டிலும் தடுமாறும். குதிரைப்படையில் இருந்தவரல்லவா? கரடுமுரடான களத்திலும், அரைகுறையாகப் பயின்ற வீரன் கையிலும் உழைக்கக்கூடிய படைக்குதிரை ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அந்த எண்ணத்தில் உருவானதே ஃபோக்கே-வுல்ஃப் 190. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. ஒரு குண்டு பட்டால் நீர்த்தொட்டி ஓட்டையாகி நின்றுபோகும் கவலை அதற்கில்லை. சக்கரங்கள் அகன்று நின்றமையால் மோசமான தரையிலும் இறங்கும். சக்கரத்தை மடக்குவது முதலிய வேலைகளை மின்மோட்டார்கள் செய்தன; பழைய மின்பொறியியல் மாணவரின் கைவண்ணம் அது. 1939 ஜூன் 1-ஆம் நாள் முதல்முறை பறந்தபோது ஓட்டியின் கால் சுடும் அளவுக்கு எஞ்சின் கொதித்தது. எஞ்சினை மாற்றிச் சீர்செய்ய ஈராண்டு ஆயிற்று. 1941-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே அது தோன்றியபோது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகை திணறிற்று. 1942 ஜூனில் ஒரு ஜெர்மானிய ஓட்டி வழி தவறி வேல்ஸ் நாட்டு விமான நிலையத்தில் இறங்கிவிட்டார். அதன் பிறகே பிரிட்டிஷார் அதன் மர்மத்தை உடைத்துப் பார்த்தனர்.

இனி அதன் படைக்கலங்களைப் பார்ப்போம். டாங்கின் தொழிலையும் ஜெர்மனியின் விதியையும் ஒருங்கே காட்டும் கண்ணாடி அதுவே. தொடக்க வகையான ஏ-1 விமானத்தில் சாதாரண ரைஃபிள் குண்டு அளவுள்ள 7.92 மி.மீ. துப்பாக்கிகள் நான்கும், சிறகில் 20 மி.மீ. பீரங்கிகள் இரண்டும் இருந்தன. எதிரே வருவது ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் என்றால் இது போதும். 1943-இல் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பட்டப்பகலில் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து வந்தன. ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட கனத்த துப்பாக்கிகள். அவற்றில் ஒன்றை வீழ்த்த 20 மி.மீ. குண்டுகள் ஏறத்தாழ இருபது தைக்க வேண்டும் என்று ஜெர்மானியர் கணக்கிட்டனர். ஆகவே ஏ-6 வகையில் 20 மி.மீ. பீரங்கிகள் நான்காயின. ஏ-7-இல் சிறு துப்பாக்கிகள் அகற்றப்பட்டு 13 மி.மீ. துப்பாக்கிகள் ஏறின. மிகுதியாகச் செய்யப்பட்ட ஏ-8-இன் ஒரு பிரிவில் வெளிச்சிறகுகளில் 30 மி.மீ. எம்.கே. 108 பீரங்கிகள் பொருத்தப்பட்டன.

இந்த எம்.கே. 108 ஒரு விசித்திரமான கருவி. பெரும்பகுதி அழுத்தித் தட்டிய தகட்டால் செய்யப்பட்டது; எடை 60 கிலோ அளவே; மலிவானது. அதன் குண்டின் சுவர் மெல்லியது, உள்ளே வெடிமருந்து மிகுதி. வேகத்தால் துளைப்பதைவிட உள்ளே சென்று வெடித்துச் சிதைப்பதே அதன் வேலை. மூன்று நான்கு குண்டுகள் பட்டால் பெரிய விமானமும் வீழும். ஆனால் குழாயை விட்டுக் குண்டு கிளம்பும் வேகம் விநாடிக்கு 500 மீட்டரைச் சற்றே தாண்டியது. அரைக் கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். ஒரு விநாடியில் விழும் பொருள் 4.9 மீட்டர் கீழிறங்கும் என்பது நாம் பள்ளியில் படித்த கணக்கு. எனவே மிக அருகில் சென்றுதான் சுட வேண்டும். அருகில் சென்றால் எதிரியின் குண்டு தன்மேல் படும். அதைத் தாங்க ஓட்டியைச் சுற்றிக் கவசத் தகடும் தடித்த கண்ணாடியும் வேண்டும். அவற்றைச் சுமந்தால் வேகமும் வளைந்து திரும்பும் ஆற்றலும் குறையும். இவ்வாறு கனத்துப்போன விமானத்தைக் காக்க மேலே மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் துணை பறக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கரின் மஸ்டாங் விமானங்கள் காவலுக்கு வந்தபின் இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பீரங்கி பெருத்தது, குதிரை தளர்ந்தது. படைக்கலம் சேர்ப்பது இலவசமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் இயற்பியல் நூல்களில் கண்டதில்லை.

எஃப், ஜி என்ற வகைகள் வெளிச்சிறகுப் பீரங்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரைப்படைக்கு உதவக் குண்டு சுமந்தன. 1944 இலையுதிர் காலத்தில் வந்த டி-9 மீண்டும் வேகத்தை நாடியது. குண்டுவீச்சு விமானங்களுக்கு உரியதாயிருந்த, நீரால் குளிரும் ஜூமோ எஞ்சினைப் பொருத்தி மூக்கை நீட்டினார் டாங்க். படைக்கலத்தை இரண்டு 13 மி.மீ., இரண்டு 20 மி.மீ. என்று குறைத்தார். கடைசியாக வந்தது தா 152. பெயரிலுள்ள தா, டாங்கின் பெயரின் முதல் இரண்டெழுத்து. அரசு அவருக்களித்த சிறப்பு. உயர வானில் பறக்க 14 மீட்டருக்கு மேல் நீண்ட சிறகும், மூக்கின் நடுவே ஒரு 30 மி.மீ. பீரங்கியும், சிறகின் அடியில் இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளும் கொண்டது அது. 1944 இறுதியில் டாங்க் தாமே அதை ஓட்டிச் சென்றபோது மஸ்டாங்குகள் எதிர்ப்பட, எஞ்சினுள் மெதனாலும் நீரும் கலந்த கலவையைப் பாய்ச்சி வேகம் கூட்டித் தப்பினார் என்பது அவர் வாழ்வில் பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி. ஆனால் பெட்ரோல் இல்லை, பயின்ற ஓட்டிகள் இல்லை. 190 இருபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. தா 152 நூறைக்கூட எட்டவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் பலர் தம் நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்ட அடிமை உழைப்பாளிகள். டாங்க் பணியாற்றியது இட்லரின் ஆட்சிக்கு. மரத்தால் செய்த தா 154 இரவுச்சண்டை விமானம் பசை சரியில்லாமல் வானில் பிரிந்து விழுந்தபோது அவரே உற்பத்தியை நிறுத்தினார். அதற்காக கோயரிங் அவரை நாசவேலைக்காரர் என்று குற்றஞ்சாட்டினார். ஓட்டிகளின் உயிருக்கு அங்கே அவர் காட்டிய அக்கறை மெய். அதே அக்கறை அத்தொழிற்சாலை உழைப்பாளிகளுக்குக் கிட்டவில்லை என்பதும் மெய். அவருடைய பொறியியலைப் போற்றும் நாம் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

போர் முடிந்தபின் பிரிட்டிஷாரும் ரஷ்யரும் அவரிடம் பேசிப் பார்த்தனர். அவர் 1947-இல் பெட்ரோ மத்தீஸ் என்ற பொய்ப் பெயரில் அர்ஜென்டினா சேர்ந்தார். அங்கே கோர்டோபா நகரில், பின்னோக்கிச் சாய்ந்த சிறகுள்ள புல்கி இரண்டு என்னும் ஜெட் சண்டை விமானத்தைப் படைத்தார். 1950-இல் அது பறந்தது. சோதனையில் இரு ஓட்டிகள் மாண்டனர். 1955-இல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழவே டாங்கின் குழுவும் சிதறிற்று.

அடுத்த ஆண்டு, 1956. நம் எல்லைப்புறத்தார் அவ்வாண்டை மறக்கமாட்டார்கள். நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழர்கள் கேரளத்தில் நின்றுவிட்டனர். வீட்டுத் திண்ணைகளில் எல்லையைப் பற்றியே பேச்சாக இருந்த அதே ஆண்டில்தான், நேருவின் அரசு அழைத்து, டாங்க் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பழைய துணைவர் மிட்டல்ஹூபரும் வேறு சில ஜெர்மானியரும் உடன் வந்தனர். அங்கிருந்த இந்திய வடிவமைப்பாளர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க அனுபவசாலிகளும், கல்லூரியிலிருந்து புதிதாக வந்த இளைஞர்களும். ஒலியினும் விரைந்து செல்லும் சண்டை விமானத்தை அவர்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது கட்டளை.

டாங்க் முதலில் எஞ்சின் இல்லாத மரவிமானம் ஒன்றை முழு அளவில் செய்வித்தார். 1959-இல் டகோட்டா விமானம் அதைக் கயிற்றால் இழுத்து மேலேற்றி விட, அது சறுக்கிப் பறந்து இறங்கிற்று. இப்படி 78 முறை. 1961 ஜூன் மாதம் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் உண்மையான எச்.எஃப். 24 விமானத்தை வானில் ஏற்றினார். மாருத் என்று அதற்குப் பெயரிட்டார்கள். நாம் மாருதம் என்று வழங்கும் காற்றே அது.

உடல் அழகாக அமைந்தது. உயிர்தான் போதவில்லை. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை நம்பி டாங்க் வரைந்திருந்தார். வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருள் விட்டு எரித்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தருவது அது. பிரிட்டிஷார் அதைக் கைவிட்டனர். முடிக்கும் செலவை ஏற்க இந்திய அரசும் முன்வரவில்லை. கிடைத்தது 2,200 கிலோ அளவு உந்தும் ஆர்ஃபியஸ் 703. ரஷ்ய எஞ்சின் பார்க்கப்பட்டது, எகிப்தில் உருவான எஞ்சின் பார்க்கப்பட்டது; எதுவும் கைகூடவில்லை. ஒலியின் இருமடங்கு வேகத்தை எண்ணி வரைந்த உடல் ஒலியின் வேகத்தைத் தொட்டு நின்றது. சில கோடிகளை மிச்சப்படுத்திப் பத்தாண்டு உழைப்பை முடமாக்கினோம் என்பது என் கருத்து.

படைக்கலம் மட்டும் குறையில்லாதது. மூக்கின் இருபுறமும் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் 120 குண்டுகள். வயிற்றில் ஐம்பது ராக்கெட்டுகள். ஏடன் என்பது அரபு நாட்டுத் துறைமுகமன்று. பிரிட்டிஷ் படைக்கல நிலையப் பெயரின் எழுத்துக்களைக் கூட்டிச் செய்த சொல். வியப்பு என்னவென்றால், இப்பீரங்கி போரின் இறுதி மாதங்களில் ஜெர்மனியின் மௌசர் ஆலையில் பிறந்த சுழலறைப் பீரங்கி ஒன்றின் வழித்தோன்றல். ரிவால்வரைப் போலப் பல அறைகள் சுழலுவதால் நிமிடத்துக்கு 1,200 குண்டுகள் வரை சுடும், எம்.கே. 108-ஐப்போல் இருமடங்கு. ஜெர்மனியில் அது களம் காணுமுன் போர் முடிந்தது. வென்றவர்கள் அதைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். டாங்க் அர்ஜென்டினாவைச் சுற்றி வந்தார். பீரங்கி இங்கிலாந்தைச் சுற்றி வந்தது. இரண்டும் பெங்களூரில் சந்தித்தன. ஆனாலும் நான்கு பீரங்கியும் ஒருசேர முழங்கினால் விமானம் அதிர்ந்து தொல்லை கொடுத்தது. அதனால் நெடுங்காலம் இரண்டைக்கொண்டே சமாளித்தனர்.

1967-இல் விமானப்படையின் பத்தாம் பிரிவு மாருதத்தை ஏற்றது. அதே ஆண்டில் டாங்க் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். குறைகளைத் தீர்க்கும் பணி இந்தியப் பொறியாளர் கைக்கு வந்தது. பின்னெரிப்பு அமைப்போடு கூடிய மாதிரியைச் சோதிக்கையில், 1970 ஜனவரி 10-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். 1971 டிசம்பர் போரில் மாருதங்கள் இராஜஸ்தான் பாலையில் தாழப் பறந்து டாங்கிகளையும் இரயில் வண்டிகளையும் தாக்கின; தரையிலிருந்து பட்ட சூடுகளோடு ஒற்றை எஞ்சினில் திரும்பியவையும் உண்டு. படைக்குதிரையைப் பற்றிய டாங்கின் பழைய எண்ணம் அங்கே பலித்தது. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1990-க்குள் அனைத்தும் ஓய்வு பெற்றன.

டாங்க் தாயகம் திரும்பி ஆலோசகராக இருந்து, 1983 ஜூன் 5-ஆம் நாள் மியூனிக் நகரில் காலமானார். அவருடைய தா 152-இல் எஞ்சியிருப்பது ஒன்றே. அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. பெங்களூரில் விசுவேசுவரய்யா பொருட்காட்சி நிலையத்திற்குச் செல்பவர்கள் மாருதத்தைக் காணலாம். அதன் உடன்பிறப்பு ஒன்று மியூனிக்கை அடுத்த ஷ்லைஸ்ஹைம் விமானக் காட்சிசாலையில், இந்தியாவில் செய்யப்பட்டதாகவே நின்றுகொண்டிருக்கிறது.