காற்றின் இரகசியம் கண்ட ஜோசப் பிரீஸ்ட்லி

உணவின்றிச் சில வாரமும், நீரின்றிச் சில நாளும் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ இயலாது. அக்காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடும், பிராணவாயு 21 விழுக்காடும் உள்ளன. எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான். கரியமில வாயுவோ மிகச் சிறிதளவே. இன்று பள்ளிச் சிறுமியரும் அறிந்த இவ்வுண்மை, 250 ஆண்டுகளுக்கு முன் பேரறிஞர்க்கும் தெரியாது. அந்த இருளில் விளக்கேற்றியவர்களுள் ஒருவர் ஜோசப் பிரீஸ்ட்லி.

இவர் 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை கம்பளித் துணித் தொழில் செய்தவர். ஆறு வயதிலேயே தாயை இழந்த சிறுவனை அத்தை வளர்த்தார். பிரீஸ்ட்லிக்குத் திக்குவாய். எனினும் மனந்தளராமல் பயின்று, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளில் தேர்ந்து, கிறிஸ்தவ சபைப் போதகரும் ஆசிரியரும் ஆனார்.

1767-இல் லீட்ஸில் அவர் குடியிருந்த வீட்டை அடுத்து மதுபானம் காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே தொட்டிகளின்மேல் படிந்து நின்ற வாயு, எரியும் குச்சியை அணைத்துவிடுவதைக் கண்டார். அதுவே கரியமில வாயு. அதனை நீரில் கரைத்துச் சுவையான பானமாக்கும் முறையை 1772-இல் வெளியிட்டார். இன்று நாம் பருகும் சோடாவின் தொடக்கம் அதுதான்.

அவர் உள்ளத்தைக் குடைந்த கேள்வி ஒன்றுண்டு. மக்கள் மூச்சு விடுகின்றனர்; அடுப்புகள் எரிகின்றன; ஆயினும் உலகக் காற்று முற்றும் கெட்டுப் போகாதது ஏன்? 1771 ஆகஸ்ட் 17-ஆம் நாள், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுள்ள கண்ணாடிக் கலத்தில் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாட்கள் பொறுத்திருந்தார். 27-ஆம் நாள் அதே காற்றில் மற்றொரு மெழுகுவர்த்தி நன்கு எரிந்தது! கெட்ட காற்றைச் செடி சீராக்கியிருந்தது. இதற்குச் சூரிய ஒளி தேவை என்பதை 1779-இல் இங்கென்ஹவுஸ் என்பவர் மெய்ப்பித்தார்.

1774 ஆகஸ்ட் முதல் நாள், பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரசச் செந்தூளைச் சூடாக்கினார் பிரீஸ்ட்லி. வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி மிகப் பிரகாசமாக எரிந்தது. மறு ஆண்டு, அதில் அடைத்த சுண்டெலி சாதாரணக் காற்றில் வாழ்வதைவிட நெடுநேரம் உயிர்த்திருந்தது. சுவீடன் நாட்டு ஷீலேயும் தனியே கண்டறிந்திருந்த அந்த வாயுவே பிராணவாயு. அதற்கு ஆக்ஸிஜன் எனப் பெயரிட்டு, எரிதலின் உண்மையை விளக்கியவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். பிரீஸ்ட்லியோ பழைய கொள்கையையே இறுதிவரை பற்றி நின்றார். கண்ணால் கண்டதன் பொருளை ஏற்கவும் திறந்த மனம் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததாலும், அரசுத் திருச்சபையோடு முரண்பட்டதாலும் அவர் பலரின் பகைக்கு ஆளானார். 1791 ஜூலையில் பர்மிங்காமில் கலகக் கும்பல் அவரது வீட்டையும், நூலகத்தையும், ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. 1794-இல் அமெரிக்கா சென்றார். முதுமையிலும் சோர்வின்றி அங்கே புதிய ஆய்வுக்கூடம் அமைத்து உழைத்தார். 1804-இல் மறைந்தார்.

பிரீஸ்ட்லியின் காலத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்கே இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, காடுகளையும் அழித்ததால், இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அளவான கரியமில வாயு பூமிக்குப் போர்வை. மிகுந்தால் வெப்பம் ஏறும். அதனை உட்கொண்டு பிராணவாயு ஈவன பசுந்தாவரங்களே. கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் இப்பணியில் பெரும்பங்கு ஆற்றுகின்றன. ஆயினும் நாம் எரிக்கும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க இயலவில்லை.

ஒரு சிறு புதினாக் கிளை கற்பித்த பாடம் இது. தோழியரே, எரிப்பதைக் குறைப்போம், பசுமையைக் காப்போம். நமக்குப் பின் வருவோரும் நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும்!