குல்மார்கில் பனிப்போர்ப் பள்ளி கண்ட திம்மய்யா

புது தில்லி: சியாச்சினிலும் லடாக்கிலும் காவல் காக்கும் இந்திய வீரர்களுக்குப் பனிச்சறுக்கும் மலைப் போர்முறையும் கற்பிக்கிறது, குல்மார்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி. 1948-ம் ஆண்டின் இறுதியில் ஒரு படைப் பிரிவின் சிறு பனிச்சறுக்குப் பள்ளியாக இது தொடங்கியது. இதற்கு வித்திட்டவர், பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியான ஜெனரல் கே.எஸ். திம்மய்யா.

குடகுப் பகுதியின் மடிகேரியில், காப்பித் தோட்டக் குடும்பம் ஒன்றில் 1906 மார்ச் 31-ல் பிறந்தார் திம்மய்யா. குன்னூர் புனித ஜோசப் கல்லூரியிலும் பெங்களூரிலும் பயின்று, டேராடூன் ராணுவக் கல்லூரி வழியாக பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்டுக்குச் சென்றார். 1926-ல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா முனையில் ஒரு பிரிகேடை வழிநடத்தினார். அன்றைய இந்திய அதிகாரிகளுக்கு எளிதில் கிட்டாத பொறுப்பு அது.

ஜோஜிலா வெற்றி

1948 மே மாதம் காஷ்மீரில் டிவிஷன் தளபதியாக இருந்த திம்மய்யா, மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானத்தில் லே நகரில் இறங்கினார். 10 ஆயிரம் அடிக்கு மேல் அமைந்த, அப்போதுதான் சீரமைக்கப்பட்ட ஓடுதளம் அது. லே நகருக்கான தரைவழியைத் திறக்க, ஊடுருவல்காரர்கள் வசமிருந்த ஜோஜிலா கணவாய் மீட்கப்பட வேண்டியிருந்தது. காலாட்படையின் முயற்சிகள் தோல்வியுற்றதால், 11 ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட அக்கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுசெல்ல முடிவெடுத்தார். மதராஸ் சாப்பர்ஸ் படையினர் அதற்கான பாதையை அமைத்தனர். நவம்பர் 1-ல் கணவாய் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் கார்கிலும் மீட்கப்பட்டது.

வெற்றி கிட்டினாலும், குளிரும் பனியும் எதிரிக்கு நிகராக வீரர்களை வாட்டின. அந்த அனுபவத்தின் விளைவே குல்மார்க் பள்ளி.

1957-ல் தலைமைத் தளபதியான திம்மய்யா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1959-ல் ராஜிநாமா செய்தார். பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதால் அதைத் திரும்பப் பெற்றார். 1961-ல் ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டே சீனப் போர் மூண்டது. போதிய குளிர்கால உடையின்றி, உயரத்துக்கு உடல் பழகவும் அவகாசமின்றி, சமவெளிப் படைகள் மலைமுகடுகளுக்கு அனுப்பப்பட்டன. பள்ளி மட்டும் இருந்தால் போதாது, அதன் பாடத்தை அரசும் கற்க வேண்டும் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

அப்பள்ளியின் தலைவராக இருந்த நரேந்திர குமார் 1978-ல் சியாச்சினுக்கு மேற்கொண்ட பயணம், 1984-ல் இந்தியப் படைகள் அங்கு நிலைகொள்ள வழிகாட்டியது. இதைக் காண திம்மய்யா இல்லை. சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை வகித்தபோது, 1965 டிசம்பரில் 59-வது வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் பனியில் வீரர்களை உருவாக்கி வருகிறது.